சிரித்துக்கொண்டே கொன்றவனும் என் முன்பற்களும்

நான் கண்ணால் காணாத ஒரு படத்தைப் பற்றி எழுதப்போகிறேன். ஆதலால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். அப்படத்தைப் பார்த்தவர்களுள் எனக்குத் தெரிந்தவர் இருவர். ஒருவர், கொல்லிமலையில் மிளகு பயிரிட்டவரும் அப்போது எனக்கு மாமனார் ஆகவேண்டியவருமான கவுண்டர். மற்றவர், மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் அவரிடம் மிளகு வாங்கி விற்ற ராவுத்தர். இருவரும் தனித்தனியே சொல்லி, சொன்னவை ஒத்துப்போன இடங்களை மட்டுமே படத்தின் செய்தியாக இங்கே தருவேன். இந்த நேர்மையால் சுவையான இரண்டு கொலைகளை இழக்க நேர்ந்தது. எனினும் என் திருமணமே அப்படத்தால் நின்றுபோக இருந்தமையால், அதில் கற்பனையைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அடிவாரத்தில் அறுவடை முடிந்த வயலொன்றில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்கள். அதுவரை வந்த படங்களில் கொடியவனைக் கண்டுகொள்ள எவரும் தொல்லைப்பட்டதில்லை. அவன் வருவதற்கு முன்பே அவன் மீசை வந்துவிடும். இந்தப் படத்துக் கொலைஞனுக்கோ மீசையே இல்லை. மெல்லப் பேசுவான், புறாக்களுக்குத் தீனி வைப்பான், யார் எதிர்ப்பட்டாலும் புன்னகை செய்வான். அவனுக்குப் பகை இல்லை, பொருளாசை இல்லை, பெண்ணாசையும் இல்லை. ஆயினும் கொல்வான். கொன்றபின் கைகளைக் கழுவிக்கொண்டு, அதே புன்னகையோடு பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவான். செத்தவன் வீட்டார் அழுதுகொண்டு வந்து சொன்னாலும் அப்புன்னகை மாறாது. இவ்வளவும் இருவர் வாக்கிலும் உண்டு. கழுத்தை நெரித்தானா, நஞ்சு வைத்தானா என்பதில் அவர்கள் மாறுபட்டமையால் அதை விட்டுவிடுகிறேன்.

இனி என் முகம். என் மேலுதடு சற்றுக் குட்டையானது; முன்பற்கள் இரண்டும் அதன் ஆட்சிக்கு அடங்குவதில்லை. அதனால் நான் வாளா இருந்தாலும் சிரிப்பதுபோலவே இருக்கும். மலைமேல் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். பிள்ளைகள் என் கண்டிப்புக்கு அஞ்சாமல் போனதற்கு இந்தப் பற்களே காரணம்.

எனக்குப் பெண் பேசி முடித்து, அம்மன் கோயிலில் பூவும் கேட்டிருந்தார்கள். அம்மனின் இரு தோள்களிலும் பூ வைத்துக் காத்திருப்பார்கள். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் அம்மனுக்குச் சம்மதம் என்று பொருள். வலத்தோள் பூவே விழுந்தது. திருமணத்துக்கு நாள் குறிப்பது ஒன்றே எஞ்சியிருந்தது. அதற்குள் கவுண்டர் மிளகு விற்க முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினார். ராவுத்தர் அவரைப் படத்துக்கு அழைத்துப்போனார். மலையேறி வந்தவர் நாள் குறிக்கும் பேச்சையே விட்டுவிட்டார்.

எங்கள் மலைக்காரருக்குச் சிரிப்பு அவ்வளவு எளிய செய்தியன்று. இந்தக் காட்டில் ஒரு பாவை நின்றுகொண்டு, சிரித்தே வருகிறவன் உயிரைக் கொண்டுபோவாள் என்று நடை பழகும் முன்பே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சமவெளியான் கதையென்று பார்த்துவிட்டுப் போகும் ஒன்றைக் கவுண்டர் உள்ளூர்ச் செய்தியாகப் பார்த்துவிட்டார்.

காரணம் கேட்க நானே போனேன்.

"வலப்பூத்தானுங்களே விழுந்துச்சு, மாமா?"

"விழுந்துச்சுங்க. ஆனா அம்மன் அந்தப் படத்தைப் பாக்கலீங்களே."

"படத்துக்கும் எனக்கும் என்னங்க?"

"வரப்புக்கு வெட்டுவான், பொண்டாட்டிக்கு வெட்டுவான், கோவத்துல வெட்டுவான். அது மனுசன். இவன் சும்மா கொல்றானுங்க. கொன்னுட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தறான்." என் பற்களைப் பார்த்தார். "நீங்களும் பள்ளிக்கூடத்துல செடி வெச்சிருக்கறதாச் சொன்னாங்க."

"செம்பருத்திங்க, மாமா."

"என்ன செடின்னு நான் கேக்கலீங்க."

எவனைப்போல் இருக்கிறேன் என்பதையாவது பார்த்துவிடலாம் என்று முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினேன். கூடாரம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. வயலில் முளை அடித்த குழிகள் மட்டும் இருந்தன. ராவுத்தர் தம் கடையில் உட்காரவைத்து, படத்தைச் சொன்னார். சொல்லும்போது என் வாயைப் பார்த்துப் பார்த்துத் தம் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"கடைசியில அவன் மாட்டிக்கிட்டானுங்களா?" என்றேன்.

"அதை ஏன் கேக்கறீங்க, வாத்தியாரே. ரீல் மாத்தறதுக்கு வெளக்கைப் போட்டான். கவுண்டரு படம் முடிஞ்சுதுன்னு துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. வந்த விருந்தாளி எந்திரிச்ச பொறவு நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நானும் வந்துட்டேன்."

"இடைவேளைன்னு சொல்லியிருக்கலாமுங்களே."

"மொத மொதப் படம் பாக்க வந்த மனுசரை, அத்தனை பேருக்கு முன்னால உக்காருங்கன்னு சொல்றதா? அப்புறம் அடுத்த வருசம் மொளகு எனக்குத் தருவாரா?"

கவுண்டர் படம் பார்த்தது அதுவே முதல் முறை. ஒற்றைப் படப்பொறி வைத்துக் காட்டுகிறவர்கள் பலமுறை நிறுத்தித்தான் காட்டுவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? கொலைஞன் செடிக்கு நீர் ஊற்றுகையில் விளக்கு எரிந்தது. அவன் தப்பி வாழ்கிறான், நாம்தான் விழிப்பாக இருக்கவேண்டும் என்பதே கதையின் முடிவென்று கொண்டுவிட்டார். இதை எடுத்துரைத்தால் ஐயம் தீரும் என்னும் மகிழ்ச்சியில் நான் மலையேறிய வேகத்தில் பின்னாளில் எப்போதும் ஏறியதில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. கவுண்டர் வீட்டுக்குள் உட்கார்ந்து சுட்ட பலாக்கொட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அடுப்பில் ஈரவிறகைத் தள்ளிக் கொட்டை சுட்டுக்கொண்டிருந்தவள், எனக்குப் பேசிய பெண்.

"மாமா, நீங்க பாத்தது பாதிதானுங்க. அது இடைவேளை."

அவர் உரிப்பதை நிறுத்தினார். "பாதிதானா?"

"ஆமாங்க."

"அப்ப மிச்சத்துல இன்னும் எத்தனை பேரைக் கொன்னானோ."

இந்தத் திசையில் அவர் எண்ணம் போகக்கூடும் என்று நான் மலையேறும்போது நினைக்கவே இல்லை. அவர் என் முகத்தைவிட்டுக் கண் எடுக்காமல், "நம்ம செவலைப் பசு செத்துப்போச்சுங்க, மாப்பிள்ளை" என்றார்.

பெண் பார்க்க வந்த அன்று என் கையை நக்கிய பசு அது. சோதனை என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே நெஞ்சு கனத்தது. ஆனால் நெஞ்சின் கனம் முன்பற்களுக்கு எட்டவில்லை.

"பாரு கண்ணு," என்றார் மகளிடம், "சிரிக்கறாரு."

அவள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "வாயை ஏனுங்கப்பா பாக்கறீங்க? அது அவுங்களுக்கு அப்படித்தான். கண்ணைப் பாருங்க. தண்ணி நிக்குது."

கவுண்டர் எழுந்து வந்து, குனிந்து, என் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது வீட்டுக்குப் பின்னால் செவலை கத்தியது.

"செத்த பசு கத்துதுங்களே, மாமா" என்றேன்.

"பொழைச்சுக்கிச்சுங்க" என்றார் அவர். பிறகு ஒரு கொட்டையை உரித்து என் கையில் வைத்து, "ஐப்பசியில ஒரு நாள் பாக்கலாமுங்களா?" என்றார்.

ஐப்பசியிலேயே திருமணம் நடந்தது.

அறியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் தெரியாது. பார்த்த இருவருமே மறந்துவிட்டனர். கொலைஞன் பிடிபட்டானா என்பது தெரியாது. அவ்வகைப் படங்கள் பின்னாளில் பல வந்தன. இடைவேளையில் எழாமல் அவற்றை முழுதும் பார்த்தேன். செடியும் புறாவும் வளர்த்தவன் எதிலும் வரவில்லை. அன்று என் கண்ணில் நின்ற நீர் பசுவுக்காக வந்ததா, ஈரவிறகின் புகையால் வந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. அடுப்பருகே இருந்தவள் அவள். புகை எவ்வளவு இருந்தது என்று இதுவரை அவள் சொல்லவில்லை.