பட்டியலில் இல்லாத மகள்

மாலை மூன்று நாற்பதுக்கு, சுவிஸ் நாட்டின் பாசல் நகரில் ரைன் ஆற்றங்கரையில் நின்று, வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் பெயர்ப்பட்டியலை வாசித்து முடித்தார். "எல்லோரும் வந்துவிட்டோம்" என்றார். படகுகள் வரும்வரை கரையில் காத்திருந்தேன்; என் மகள் வந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் முன்பொரு காலம் நடந்த ஆற்றுப் பயணம் ஒன்றை நினைவுகூரும் சங்கம் அது. ஆண்டுக் கூட்டத்தன்று படகுகளில் போவார்கள். நிறுத்தும் இடமெல்லாம், அந்தப் பயணத்தில் செய்தது போலவே, பெயர் கூப்பிடுவார்கள். வரலாறு படிக்கும் என் மகளைப் பேச அழைத்திருந்தார்கள். அந்தப் பயணத்தில் படகு வலித்தும் அதன் குறிப்பேடுகளில் பெயரில்லாமல் போனவர்களைப் பற்றிக் காலையில் பேசினாள்.

"படகில் வந்த என் மகளைக் காணவில்லை" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். செயலாளர் தாளை மறுபடி பார்த்தார்.

"அவர் உறுப்பினர் இல்லையே, விருந்தினர். பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது."

அதற்குள் கேக் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நனைந்துவிடும் என்று அவள் தந்துவிட்டுப் போன கைபேசி என் கைப்பையில் கிடந்தது. பொலிசுக்கு அழைத்துவிட்டுக் கரையோரமாகப் படகுகள் வந்த திசையில் ஓடினேன். ஆற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலும் ஓட முடியவில்லை.

இரண்டாவது பாலத்தடியில் அவள் எதிரே நடந்து வந்தாள்.

"எங்கையடி போனனி?"

"இடையில நிப்பாட்டின இடத்தில ரொய்லற்றுக்குப் போனனான். வரேக்க படகெல்லாம் போயிட்டுது. பேர் கூப்பிட்டுப்போட்டுத்தான் வெளிக்கிட்டிருப்பினம்." சிரிக்கப் பார்த்தாள். "காலமை என்ர பேச்சுக்கு எழும்பி நிண்டெல்லோ கைதட்டினவை, அம்மா."