எம்.பி. ஆன பிறகும் என் வக்கீல்

என் வீட்டுக்காரரின் காரியம் முடிந்த மறுவாரமே நோட்டீஸ் வந்தது. முப்பது வருடமாக நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்த ஐந்து மா நிலத்தை விட்டுவிட வேண்டுமாம். குத்தகை அவர் பேரில் இருந்தது, அவரோடு அது முடிந்தது என்பது நிலக்காரர் பேச்சு. நாற்று விட்டதும் நட்டதும் களையெடுத்ததும் நான். என்னைப் போகச் சொல்ல இவர் யார்? தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பிடித்தேன்.

அப்போது அவர் சின்ன வக்கீல். மாடியில் ஒற்றை அறை. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் என்றதும், வக்காலத்துத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினார். "புரிஞ்சிருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். கைநாட்டு இல்லை, கையெழுத்து.

வழக்கு இழுத்தது. அதற்குள் அவர் எத்தனையோ விவசாயிகளுக்கு வாதாடிப் பேர் வாங்கி, தேர்தலில் நின்று ஜெயித்து, எம்.பி. ஆகி டெல்லிக்கே போய்விட்டார். அவ்வளவு பெரிய சபையில் எழுந்து நின்று, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று அவர் பேசியதை டிவியில் பார்த்தேன். எங்கள் வாய்க்கால் சங்கதி டெல்லியில் கேட்கிறது! அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி என்ன கவலை, அவர் ஒரு போன் போட்டால் போதாதா என்று நினைத்தேன். பழத்தட்டும் மனுவுமாக அவர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "உங்க வக்கீல்தானே பெரியம்மா? இனிமே ஜட்ஜே உங்க வீட்டுக்கு வந்து தீர்ப்பு சொல்லிட்டுப் போவாரு."

"வரட்டுமே. காப்பி போட்டுக் கொடுக்கிறேன்" என்றேன். எனக்கும் வாய் உண்டு.

என் முறை வந்தது. மனுவைப் படித்ததும் வக்கீல் முகம் மாறியது.

"நான் ஜட்ஜுக்குப் போன் போடணுமாம்மா?"

"ஒரு வார்த்தைதானே தம்பி."

"அடுத்த தேர்தல்ல நிலக்காரரோட மச்சான் ஜெயிச்சு, அவரு ஒரு வார்த்தை சொன்னா? அப்ப யார்கிட்ட போவீங்க?"

மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வாய்தா அன்னைக்கு நானே வர்றேன். போங்க."

வழியெல்லாம் கோபம். டெல்லியில் சபை நடக்கிற நேரத்தில் இவர் எங்கே வரப் போகிறார்? நிலம் போயிற்று என்றே வைத்துக்கொண்டேன்.

வந்தார். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கோர்ட்டு வாசலில் அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள். அவரோ உள்ளே போய் மற்ற வக்கீல்களோடு உட்கார்ந்து, எங்கள் வழக்கைக் கூப்பிட மதியம் ஆகும்வரை காத்திருந்தார். நீதிபதி என் பேத்தி வயதுப் பெண். மந்திரிகளைக் கேள்வி கேட்கிறவர், அந்தப் பெண் முன்னால் தலை குனிந்து வணங்கினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லாரையும் கேட்டது போலவே அந்த நீதிபதி இவரையும், "ஆதாரம் என்ன?" என்று கேட்டார். இவர் எங்கள் பக்கத்து வயல்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். "அந்தம்மா வயல்ல எறங்காத நாளு ஏதுங்க?" என்றார் வயல்காரர்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சாகுபடி செய்கிறவள் நான்தான், என்னை வெளியேற்ற முடியாது. அன்று அவர் டெல்லியில் இருந்தார். யார் போன் போட்டும் வந்த தீர்ப்பு இல்லை அது. அதனால்தான் மறுநாள் நிலக்காரர் வாய்க்கால் கரையில் எதிரே வந்தபோது நான் ஒதுங்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"நடவு என்னைக்குங்க?"

"வியாழக்கிழமை" என்றேன்.