டூட்டிங் கடைச் சுவரில் என் சுபேதார்

1. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதாராக இருந்த ஒருவரின் பழைய படத்தை ஏலத்தில் வாங்கினேன். தலைப்பாகை, வாள், மார்பில் பதக்கங்கள். அடியில் அவரே மையால் தமிழில் ஒப்பமிட்டிருந்தார்: பெயரும், ஊர் திருச்சிராப்பள்ளி என்பதும்.

2. லண்டன் டூட்டிங்கில் பிரேம் போடும் கடை வைத்திருக்கும் அங்கிளிடம் அதைக் கொடுத்தேன். ஆர்ச்வே முருகன் கோயிலில் பழக்கம். அவரும் பழைய படங்கள் சேர்ப்பவர்.

3. படம் அழகான பிரேமில் திரும்பி வந்தது.

4. கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்ததால் ஒருநாள் பிரேமைத் திறந்தேன். ஒப்பத்தின் மை காகிதத்துக்குள் ஊறியிருக்கவில்லை. புற ஊதா விளக்கைப் பிடித்தேன். அந்தக் காலத்துக் காகிதம் ஒளிராது. இது நீலமாக ஒளிர்ந்தது. நகல். நான் கொடுத்தது அசல்.

5. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆய்வுகூடக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். பிழையைக் கண்டவுடன் கத்தக் கூடாது, அது மறுபடியும் நிகழும்வரை காத்திருக்க வேண்டும் என்று அங்கே பழகியிருக்கிறேன். ஒப்பமிட்ட வெள்ளைக்கார அதிகாரிகளின் படங்கள் என்னிடம் நிறைய உண்டு. ஒருவரையும் பிடிக்காது. எங்கள் பிளேஸ்டோ வீட்டில், என் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் அவர்களை அடைத்து வைத்திருப்பதே ஒரு திருப்தி. சுபேதார் ஒருவர்தான் மேசைக்கு மேலே தொங்கியவர். பெரிய மனிதரோடு கொளுவாதே, வீண் சண்டை வேண்டாம் என்றார் அம்மா. கொளுவப் போவதில்லை என்றேன். அது உண்மைதான்.

சாதாரணப் படங்களைக் கொண்டுபோய் அங்கிளிடம் தொடர்ந்து பிரேம் போட்டேன். மூன்றாவது முறை போனபோது சுபேதார் கல்லாவுக்கு மேலே தொங்கினார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும், கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, கீழே மின்விளக்கு. ஒப்பம் இருந்த இடத்தை அகலமான அட்டை மூடியிருந்தது. யாரென்று கேட்டேன்.

"என்ரை பூட்டன், பிள்ளை."

ஆர்வமாகத் தலையாட்டினேன். நான் போகப் போகப் பூட்டன் வளர்ந்தார். முதலில் குதிரை கிடைத்தது, பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரையின் உயிரைக் காப்பாற்றினார், பிறகு யாழ்ப்பாணத்தில் பாதித் தெரு அவருடையதாயிற்று. எங்கட ஆக்கள் இந்தியப் பக்கம் காலே வைக்காத ஆக்கள் என்றும் அங்கிள் ஒருமுறை சொன்னார். அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

கடையில் சரஸ்வதி பூசைக்கு ஆட்களைக் கூப்பிடுவார். அந்த நாளையே தேர்ந்தெடுத்தேன். பூசை முடிந்து கையில் கடலையோடு எல்லாரும் நின்றபோது, பூட்டன் கதையைச் சொல்லும்படி கேட்டேன். குதிரை, துரை, தெரு எல்லாம் சொன்னார்.

"அங்கிள், அந்தக் காலத்து ஆக்கள் படத்திலை ஒப்பம் வைக்கிறவை. பூட்டன்ரை எழுத்தை ஒருக்கால் கழட்டிப் பாப்பமே?"

"ஆயுதமெல்லாம் பூசையிலை இருக்கு. இண்டைக்குத் தொடக் கூடாது."

நான் எண்ணியிராத பதில். உண்மையிலேயே அவருடைய திருப்புளி, கத்தி, சுத்தியல் எல்லாம் பொட்டு வைத்துத் தேவியின் முன்னால் இருந்தன. சுற்றி நின்றவர்களும் அது சரிதான் என்றார்கள். அங்கிள் கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"என்ரை கத்தி பூசையிலை இல்லை," என்று சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் கத்தியை நீட்டினேன்.

படத்தை இறக்கித் தந்தது அங்கிளின் மனைவி. பூட்டனின் எழுத்தைப் பார்க்க அன்ரிக்கு உண்மையிலேயே ஆசை. பின்பக்க ஒட்டுத்தாளை அறுத்து, பலகையை எடுத்து, படத்தை வெளியே எடுத்தேன். அடியில் மங்கிய மையில் எழுத்து. அன்ரியே உரக்க வாசித்தார். திருச்சிராப்பள்ளி என்ற இடத்தில் குரல் நின்றது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த நகலைப் பக்கத்தில் வைத்தேன். இது எப்படி என்னிடம் வந்தது என்று நான்கு வசனத்தில் சொன்னேன். புற ஊதா விளக்கு பைக்குள்ளேயே கிடந்தது.

அன்ரி படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரின்ரை பூட்டனுக்கு விளக்கு வைச்சனான்?"

பின்னால் ஒருவர் சிரித்தார். குதிரை எங்கே என்று இன்னொருவர் கேட்டார். அங்கிளின் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன்.

பிறகுதான் கீழே பார்த்தேன். கண்ணாடி என் இடதுகையில் சுத்தமாக இருந்தது. சந்தனப் பொட்டு படத்திலேயே இருந்தது.

"கண்ணாடியிலை வைச்சால் காய்ஞ்சு விழுந்திடும் பிள்ளை," என்றார் அன்ரி. "அதுதான் அட்டை வைச்ச பிறகு, கண்ணாடி போட முதல் படத்திலையே வைச்சு விட்டனான்."

அன்ரியின் பங்கையும் சேர்த்து அங்கிளின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இப்போது படம் என்னிடம் இருக்கிறது. பொட்டின் கறை காகிதத்துக்குள் இறங்கிவிட்டது, எடுத்தால் முகமும் போகும் என்று பழைய படங்களைச் செப்பனிடுகிற பெண் சொல்லிவிட்டார். அங்கிள் மன்னிப்புக் கேட்கவில்லை. சமாதானம் பேசச் சொல்லி அம்மாவிடம் ஆள் மேல் ஆளாக அனுப்புகிறார். எனக்குத் தெரிந்த படம் சேர்ப்பவர்கள் எல்லாரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவரிடம் யாரும் படம் கொடுப்பதில்லை. தெரியாதவர்களிடம் இனிமேல் சொல்வேன்.