அய்யாவுக்கு ஒரு வாடகை வீடு

அம்பத்தூர்ப் பக்கத்தில் வீடு தேடுகிறவன் முதலில் மரங்களைப் பார்க்க வேண்டும். வேப்பமரமோ புங்கமரமோ கரண்டுக் கம்பமோ, எதில் ஒரு சின்னப் பலகை தொங்குகிறதோ, அந்தத் தெருவில் வீடு காலி என்று அர்த்தம். பலகையில் ‘டூ-லெட்’ என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் கோழி கிளறியது போன்ற அந்த உருவத்தை மனதில் ஏற்றிக்கொண்டு, ஓடுகிற மின்சார ரயிலில் இருந்தே எந்தத் தெருவில் பலகை தொங்குகிறது என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் வாடகை என்றால் கல்யாணத்துக்கு எடுக்கும் அண்டா, ஜமுக்காளம், குழாய் ரேடியோ, அவ்வளவுதான். பிழைப்புத் தேடிப் போனவர்களின் வீடுகள் எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்தன. யாரும் பலகை மாட்டவில்லை. ஒண்ட வந்தவன் சாவி கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மனிதன் படுத்து எழும் கூரையை மாதக் கணக்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை அம்பத்தூருக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

சாத்தூர்ப் பக்கமிருந்து துணிமூட்டையோடு கிளம்பி வருகிறவர்களுக்கும், வந்து சேர்ந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுதுகிற தகுதி எனக்கு உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறை ஒன்றில் மண் சுமக்கிற ஆளாகச் சேர்ந்து, இன்று சொந்தமாகப் பிரஸ் மெஷின்கள் போட்டு நடத்துகிறேன். டிப்ளமா படித்த பிள்ளைகள் என் முன்னால் நின்றுதான் பேசுகிறார்கள். அவர்களே வீடு பார்க்க என்னிடம் யோசனை கேட்பார்கள். நானும் சொல்லுவேன். ரயில் பாதையை விட்டு விலகாதே. அம்பத்தூரில் கட்டுப்படியாகாவிட்டால் அண்ணனூர், அங்கும் முடியாவிட்டால் ஆவடி, அதற்கும் மேற்கே திருநின்றவூர், வேப்பம்பட்டு. ஸ்டேஷன் தள்ளத் தள்ள வாடகை இறங்கும், தூக்கமும் குறையும். அடிபம்புத் தண்ணீரில் ஒரு பிடி அரிசியை வேகவைத்துப் பார். சோறு மஞ்சளித்தால் தண்ணீரில் இரும்பு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் ஓடிவந்துவிடு. ஐப்பசியில் ஏரி அந்த உயரத்துக்கு உள்ளே வரும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் வீடு பார்ப்பதில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் எங்கய்யாவுக்கு வாதம் அடித்து வலதுபக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் எனக்கில்லை. சித்தப்பா வீட்டில் கஞ்சி ஊற்றுவார்கள். துடைத்து விடுவது யார்? நான் போய்ப் பார்த்தபோது, அய்யா கட்டிலில் அல்ல, மாட்டுக்கொட்டடியில் சாக்கின் மேல் கிடந்தார். அன்று மாலையே எழும்பூர் ரயிலில் ஏற்றிவிட்டேன். எழும்பூரிலிருந்து டாக்சி பிடித்து, அம்பத்தூரில் நாங்கள் இருந்த லயன் வீட்டு வாசலில் அவரைத் தூக்கி இறக்கினேன். என் வீட்டுக்காரி சீனியம்மாள் இடுப்பில் எங்கள் பிள்ளையோடு, ஆரத்தி எடுக்கிற மாதிரி சந்தோஷமாக நின்றாள். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “பெரியவர் பாத்துட்டுப் போகத்தானே வந்திருக்கார்?” என்றார். “இல்லம்மா, இனிமே எங்ககூடத்தான்” என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாளே, பையனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, வீடு வேண்டும் என்றார்கள். மாதம் முடியும்வரை தவணை. நான் அதை நம்பினேன். எந்த மண்டபம், எந்தத் தேதி, மொய் எழுத வரவேண்டுமே என்று கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். எல்லா வீட்டிலும் கேள்விகள் ஒரே வரிசையில் வரும். எங்கே வேலை, எத்தனை பேர், கறி மீன் உண்டா, கடைசியாக, வயதானவர்கள் யாராவது உண்டா? எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவன் கேட்கிற கேள்வி இது. பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் ஒழுங்கான வீடு. இல்லாத வீட்டைக் கொஞ்சம் யோசித்துத்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் அந்தக் கேள்வி வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்வேன். எங்கய்யா இருக்கிறார், ஒரு சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்ட மனுஷன், இப்போது உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறார், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று விஸ்தாரமாகச் சொல்வேன். அவர்கள் முகம் சுருங்குவதை, நம் மேல் இரக்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். மறுநாள் போனால் வீடு முடிந்துவிட்டது என்பார்கள். பலகை மட்டும் மரத்திலேயே தொங்கும்.

ஆவடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே வீட்டுப் புரோக்கர் வேலையும் பார்த்த ஏழுமலைதான் உடைத்துச் சொன்னான்.

“அண்ணாத்தே, இன்னா சொல்லி ஊடு கேக்குற நீ?”

உள்ளதைச் சொன்னேன். கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டான்.

“அப்பாரு படுக்கைல கீறாருன்னு நீயே சொல்லிக்கினு திரியிறியா? எவன் குடுப்பான்?”

“பெரியவங்க இருந்தா வீட்டுக்கு நல்லதுதானப்பா?”

“நல்லதுதான். அவன் அப்பன் அவன் ஊட்ல இருந்தா நல்லது. உன் அப்பாரு அவன் ஊட்ல பூட்டாருன்னா? அடைப்பு நட்சத்திரத்துல பூட்டா ஆறு மாசம் ஊட்ட இழுத்து மூடணும். அப்பாலயும் எவன் குடி வருவான், சாவு வுழுந்த ஊட்டுக்கு? வாடகைக்கு இருக்கலாம் நைனா, வாடகை ஊட்ல சாவக்கூடாது.”

பஞ்சர் ஒட்டிய சக்கரத்தை அவன் மாட்டித் தந்த பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எத்தனையோ வருஷம் உழைத்து இந்த ஊரில் காலூன்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். தின்ன, தூங்க, பிள்ளை பெற, எல்லாவற்றுக்கும் இங்கே இடமிருக்கிறது. சாக மட்டும் ஊருக்குப் போய்விட வேண்டும். அப்படியென்றால் நான் இங்கே குடியிருக்கிறேனா, பயணத்தில் இருக்கிறேனா? ஏழுமலை நல்லவன். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை என்று மட்டும் சொல்லி வீட்டைப் பிடி, இருட்டின பிறகு அப்பாவை உள்ளே கொண்டுவந்து வைத்துவிடு என்று வழியும் சொன்னான். வீட்டுக்கு வந்து சீனியம்மாளிடம் சொன்னேன். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “எங்க மாமா என்ன திருட்டுச் சாமானா, இருட்டுல இறக்குறதுக்கு? வெளிச்சத்துல வீடு கிடைச்சாப் போவோம். இல்லன்னா ஸ்டேஷன்ல இருப்போம்” என்றாள். நான் பலபேரை வேலை வாங்கியவன். அவளிடம் மட்டும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் ஏரிக்கரைப் பக்கமாக ஒரு தெருவை ஏழுமலை காட்டினான். வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த சமயம். நேற்றுவரை அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், பிள்ளைகள் பட்டறைகளுக்கும் பாக்டரிகளுக்கும் போய்ச் சம்பாதித்ததில் ஓட்டுவீடு கட்டியிருந்தார்கள். கன்னியம்மா அக்கா அப்படி ஒருவர். புருஷன் இல்லை, ஒரே மகன் லாரி பாடி கட்டுகிற இடத்தில் வெல்டர். பின்பக்கம் இரண்டு அறை காலி. இந்தத் தடவை அவர் கேள்வி கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. வாசலிலேயே சொல்லிவிட்டேன். அய்யா பிழைக்க மாட்டார், இந்த வீட்டில்தான் அது நடக்கும், சம்மதமா என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போய்க் கம்பிக் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, நடுவில் நின்று கைகளை அகட்டிக் காட்டினார். “ஆறு பேரு தோள் குடுத்து வந்தா இங்க திரும்பலாம். பந்தலு இப்பிடிப் போட்டுக்கலாம். சுடுகாடு ஏரிக்கு அந்தாண்ட கீது.” கடைக்குப் போகிற வழியைச் சொல்வது போலச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா விடவில்லை. “ஆனா ஒண்ணு நைனா. முன்ன இருந்தவன் அவங்க அம்மா செத்ததும் ஒருத்தருக்கும் சொல்லாம வேன் வெச்சித் தூக்கிக்கினு பூட்டான். இன்னாவோ நடந்து போச்சுன்னு ஊரே பேசிச்சு. ஒரு வருசம் ஊடு சும்மா கெடந்துது. உன் அப்பாரு பூட்டா மோளம் வெச்சி, தெருவுக்குச் சொல்லி, இங்கதான் எடுக்கணும். எங்க தெருவுல இருந்தவங்கள நாங்கதான் எடுப்போம். ஒத்துக்கினா வா.”

நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டபோது நான் அறிந்திருந்த ஒன்று அவருக்குத் தெரியாது. எங்கள் கரிசல் காட்டு ஓரத்தில் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், தனக்கென்று அய்யா ஒரு ஆள் அகலம் விட்டு வைத்திருந்தார். வாழ்நாளில் அவர் கேட்டு வைத்த ஒரே இடம் அதுதான். அன்று சாயங்காலம் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாய் கோணியிருந்ததால் அவருக்குப் பேச்சு வர நேரமாகும். “வாக்குக் குடுத்துட்டியா?” என்றார். “குடுத்துட்டேன் அய்யா.” “அப்பச் சரி” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது எந்தச் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மழைக்காலமும் பனிக்காலமும் அந்த வீட்டில் அவர் இருந்தார். மத்தியானங்களில் கன்னியம்மா அக்கா வெற்றிலை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்வார். அய்யா பருத்தியைச் சொல்வார், அக்கா நாற்றைச் சொல்வார். இவர் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. அவர் பேச்சில் பாதி இவருக்குப் புரியாது. ஆனாலும் இருவரும் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். பங்குனியில் ஒரு காலையில் அய்யா போய்விட்டார். தந்தி கொடுத்தேன். மறுநாள் விடிவதற்குள் சித்தப்பா வேன் பிடித்து ஆட்களோடு வந்துவிட்டார். வந்தவர் அழுது முடித்ததும் என் தோளைப் பிடித்தார்.

“ஏலே, வண்டி நிக்குது. தூக்குங்க. எங்க மதினி பக்கத்துல இடம் சும்மாவா கிடக்கு?”

அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. தெருவே நின்றது. மேளக்காரர்கள் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சுவதை நிறுத்தினார்கள். அக்கா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா அங்க கீறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலியே நைனா. இட்டுக்கினு போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் என் வாக்கை எனக்கே திருப்பித் தந்துவிட்டார். அது மட்டும் நடக்காதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வாக்கு என்று சொல்லிச் சித்தப்பாவின் வாயை அடைத்திருப்பேன். இப்போது முடிவு என் ஒருவனுடையது. வேனைப் பார்த்தேன். பந்தலைப் பார்த்தேன். எனக்குப் பேர்கூடத் தெரியாத ஆண்கள் காலை ஷிப்டுக்குப் போகாமல் மூங்கில் பிளந்து, தென்னை ஓலை முடைந்து, பாடை கட்டி வைத்திருந்தார்கள். இந்த வேன் கிளம்பிப் போனால், படுத்த தகப்பனைச் சுமந்துகொண்டு அடுத்து வருகிறவனுக்கு இந்தத் தெருவில் எவரும் கேட்டைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. “இங்கயே எடுப்போம் சித்தப்பா” என்றேன்.

“எங்கண்ணனை அநாதைப் பொணம் ஆக்கிட்டியேலே” என்று அவர் மண்ணை வாரி என் மேல் இறைத்தார். மேளம் தொடங்கியது. ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். அதில் எங்கள் ஊர்க்காரன் நான் ஒருவன்தான். கேட்டில் பாடை தட்டாமல் திரும்பியது. சித்தப்பா ஏரிக்கரை வரை பின்னாலேயே வந்தார். குழியில் ஒரு பிடி மண் போட்டார். சாப்பிடாமல் வேனில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு அவர் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

இதே கோவில்பதாகையில் பிறகு மனை வாங்கி மாடிவீடு கட்டினேன். இந்த வட்டாரத்தில் எங்கள் ஊர்க்காரன் கட்டிய முதல் மாடி அது. கீழே இரண்டு குடித்தனம் வைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவருடைய தாயார் படுக்கையில்தான் இருக்கிறார். வீடு கேட்டு வந்தபோது அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை.

வருடா வருடம் தை அமாவாசையில் இங்கே அய்யாவுக்குப் படையல். சீனியம்மாள் விடியலுக்கு முன் எழுந்து சோறும் குழம்பும் வடையும் பாயசமும் செய்வாள். ஏரிக்கு அந்தப் பக்கம் போய் உச்சிப்பொழுதில் இலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, அதிலேயே ஒரு பங்கைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் தெற்கே போகிற பேருந்தில் ஏறுவேன். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் நிற்க எந்த வண்டியாலும் முடியாது. சாத்தூர் தாண்டி கரிசல் கண்ணில் படும்போது மறுநாள் விடிந்திருக்கும், அமாவாசை கழிந்திருக்கும். அம்மாவுக்கு முன்னால் இலையைப் போட்டு மூடியைத் திறப்பேன். பக்கத்தில் அந்த ஆள் அகலத்து இடத்தில் கோரை முளைத்திருக்கும். சோறு லேசாகப் புளித்திருக்கும். அவளுக்கு எப்போதும் நான் நேற்றைய சோற்றைத்தான் படைக்கிறேன்.