சந்தனம் வைத்த சித்திரக்கதை

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியின் டிரைவர் மயில்சாமி ஆந்திராவிலிருந்து திருச்செங்கோட்டுக்கு வருவதே ஆயுத பூசைக்கு மட்டும்தான். இங்கிலாந்து டிவியில் ஓடிய, அபூர்வ சக்தி கொண்ட மூன்று உளவாளிகளின் கதை சித்திரக்கதையாக வந்துகொண்டிருந்தது; அதன் கடைசிப் பாகம் தபாலில் வந்து அவனுக்காகக் காத்திருந்தது. முந்தின பாகத்தில் மூவரும் பனிமலையில் சிக்கியிருந்தார்கள்.

வந்து பார்த்தால், மனைவி சௌந்திரம் அதையும் பிள்ளையின் பாடப்புத்தகங்களோடு பூசையில் அடுக்கிச் சந்தனம் வைத்திருந்தாள். நாளைக் காலைவரை தொடக்கூடாது. லாரியோ சாயங்காலமே கிளம்புகிறது.

"கூறு இருக்குதா உனக்கு? பாடப்புத்தகமும் இதும் ஒண்ணா?"

"எல்லாம் சரசுவதிதானுங்க. உங்களுதை மட்டும் ஒதுக்கி வெக்கோணுமா?"

அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பொரியைக்கூடத் தொடாமல் லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

"நாளைக்கு எடுத்ததும் படிச்சுப்போட்டுக் கடுதாசி போடு. அந்த மூணு பேரும் பனிமலையில பொழச்சாங்களான்னு தெரியாம இந்த ஊட்டுக்கு வரமாட்டேன்."