கேட்டுக்கு உள்ளே நின்ற காலாட்படைக்காரர்

அப்பா காலாட்படையில் பதினேழு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று எண்ணூருக்கு வந்த பிறகும், வருஷாவருஷம் தன் படைப்பிரிவு தொடங்கப்பட்ட நாளில் பட்டாளத் தொப்பியை மாட்டிக்கொண்டு எங்களை உட்காரவைத்துப் பெருமை பேசுவார். "டாங்கி போவும், பிளேனு போவும். புடிச்ச எடத்த வுடாம நிக்கறது நாங்கதான்." அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே, "நின்னுகினே இரு" என்பாள்.

அந்தப் படை எப்படிப் பிறந்தது என்று அவர் சொல்லாத கதையைக் கல்லூரி நூலகத்தில் படித்தேன். இந்தக் கடற்கரையில் வெள்ளைக்கார வியாபாரிகள் கிடங்கு கட்டி, காவலுக்கு நம் ஆட்களைக் கூலிக்கு வைத்தார்கள். பிறகு துப்பாக்கி கொடுத்து, வரிசையில் நிற்கப் பழக்கிப் பட்டாளமாக்கினார்கள். அந்தத் துப்பாக்கிகள் பிற்பாடு நம் பாளையக்காரர்கள் பக்கமும் திரும்பின. வீட்டில் சொன்னபோது அப்பா முறைத்தார். "அது வெள்ளக்காரன் காலம். இப்ப நாட்டுக்கோசரம் நிக்கறோம்." எல்லையில் காலில் குண்டடி பட்டவர். நானும் பேச்சை மாற்றினேன்.

பென்ஷன் போதாமல் ஓர் அனல்மின் ஆலையில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். போன சித்திரையில் அந்த ஆலையின் சாம்பல் குழாய் உடைந்து, கழிமுகத்தில் மீனெல்லாம் செத்து மிதந்தது. மீன் விற்கும் பெண்கள் ஆலை கேட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களோடு அம்மாவும் நானும். உள்ளே அப்பா.

மத்தியானம் அம்மா எழுந்து கேட் கம்பியைப் பிடித்தாள்.

"யோவ், தல சுத்துது. கொஞ்சம் தண்ணி குடுய்யா."

அப்பாவுக்குப் பின்னால் மேசையில் தண்ணீர் கேன் இருந்தது. வாக்கிடாக்கியில் மேலதிகாரியைக் கேட்டார். யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று வந்த பதில் எங்களுக்கும் கேட்டது. அவர் அசையவில்லை. அம்மா அங்கேயே சரிந்தாள். "நைனா! நைனா!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள்தான் அவளைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டார்கள்.

சாயங்காலம் யூனிபாரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"கேட்டத் தொறந்தா அல்லாரும் உள்ள பூந்துருவாங்க. வேல பூடும்மே."

"தொறக்கவா சொன்னேன்? கம்பி சந்துல ஒரு கிளாஸு தண்ணி கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.