தம்பி மகளின் புருவத் தொழில்

பென்னலூரில் வாழும் என் தம்பி தன் மகளுக்கு விதித்த நிபந்தனை எளியது. கல்லூரியின் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தில் பாதியை அவளே ஈட்ட வேண்டும். இல்லையேல் படிப்பை நிறுத்திவிட்டு ஆலை வேலைக்குச் செல்ல வேண்டும். கல்வியின் மேன்மை குறித்து அவனிடம் நெடுநேரம் பேசினேன். பேச்சைக் கொண்டு கட்டணம் கட்டலாமா என்று கேட்டான்.

படித்துக்கொண்டே செய்யத்தக்க கைத்தொழிலாக மருதாணிக் கோலத்தை நான் பரிந்துரைத்தேன்: மரபுடையது, மணமுடையது. அவளும் கற்றுக்கொண்டு, சுங்குவார்சத்திரத்தில் மின்னணு ஆலைப் பெண்கள் தங்கும் விடுதிக்குச் சென்றாள். ஞாயிறு முழுவதும் ஒருத்தியும் கை நீட்டவில்லை. நெல்லைப் பெண்ணொருத்தி மட்டும் இரங்கிச் சொன்னாளாம்: “ஏட்டி, நாள்பூரா கிளவுசுக்குள்ள கெடக்குத கையில மருதாணி எதுக்கு? தலையில தொப்பி, வாயில மாஸ்க். லைன்ல எங்க மூஞ்சியில தெரியுதது புருவம் மட்டுந்தான்.”

என் மரபு கையுறைக்குள் மாண்டது. அவள் நூலால் புருவம் திருத்தப் பழகினாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் முறுக்கி, மயிரைக் கவ்விப் பிடுங்கும் கலை அது. தன் காலில் மயிர் தீர்ந்ததும் முகம் தேடினாள். தாய் மறுத்தாள், தந்தை ஓடினான். புதரனைய என் புருவங்கள் அகப்பட்டன.

“ஆடாம உக்காரு பெரியப்பா. அழுதா கோணிக்கும்.”

நான் அழவில்லை, கண்ணீர் தானாக வந்தது. புருவம் சீராகவே அமைந்தது. தம்பி உற்றுப் பார்த்து, “இன்னாண்ணா, கூத்துல திரௌபதி வேசமா?” என்றான்.

அடுத்த ஞாயிறு அவள் என்னையே மாதிரிப் பொருளாக விடுதிக்கு அழைத்துச் சென்றாள். ஆடவர்க்கு உள்ளே இடமில்லை, வாயிலில் நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் முகத்தை ஆராய்ந்தனர். மேடைகளில் நான் முழங்கியபோதுகூட எவரும் அதை இவ்வளவு கருத்தாக நோக்கியதில்லை. நெல்லைப் பெண் கேட்டாள்: “தாத்தா, வலிச்சுதா?”

வாய்மையைப் பற்றிப் பல ஊர்களில் பேசியவன் நான். தம்பி மகள் என்னையே பார்த்தாள்.

“வலிக்கவே இல்லை அம்மா. சுகமாக இருந்தது.”

நெல்லைப் பெண் படியில் அமர்ந்து முகத்தை நிமிர்த்தினாள். முதல் இழுப்பிலேயே என் மூதாதையர் அனைவரையும் நெல்லை வழக்கில் வைதாள். ஆயினும் எழவில்லை; ஒற்றைப் புருவம் திருந்திய முகத்தோடு மறுநாள் வேலைக்குச் செல்ல இயலுமா? இரண்டும் முடிந்தபின் கண்ணாடியை வாங்கிப் பார்த்தவள், வலித்ததா என்று கேட்ட தோழியிடம் இல்லை என்றாள்.

தம்பி மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.